ஓட்டை விழுந்த இலைகள்

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் வீட்டுத் தோட்டத்து எலுமிச்சையை ஒருமுறை நெருங்கிப் பார்க்க வேண்டும். தளிர் இலைகள் பலவும் ஓரம் அரிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் நடு நரம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். பக்கத்திலுள்ள கறிவேப்பிலைக் கன்றும் அப்படித்தான் நிற்கும். செடி வளர்ப்பவர்களுக்கு இது கவலை தரும் காட்சி. பூச்சிமருந்து வாங்கித் தெளிக்கலாமா என்று யோசிப்பார்கள். தெளிக்க வேண்டாம், அந்த ஓட்டைகளை விட்டுவையுங்கள் என்பதுதான் இந்த அத்தியாயம் சொல்ல வருவது. கோடைத் தோட்டத்தில் நம் கண்ணை இழுக்கும் ஏறக்குறைய எல்லா உயிர்களும், பூவுக்குப் பூ தாவும் வண்ணத்துப்பூச்சியிலிருந்து குஞ்சுக்கு இரை தேடி அலையும் பறவைகள்வரை, இலை தின்னும் புழுக்களை ஏதோ ஒரு வகையில் நம்பியே இருக்கின்றன.

தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட பறவையினங்களும் 300-க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்களும் பதிவாகியிருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதியைப் பார்க்க மலைக்கோ நீர்நிலைக்கோதான் போக வேண்டும். ஆனால் உயிர்கள் எப்படி ஒன்றையொன்று சார்ந்து வாழ்கின்றன என்பதைப் பார்க்க, வீட்டுக்குப் பின்னால் உள்ள நாலு மரமும் பத்துச் செடியும் போதும். கிணற்றடியில் ஒரு வாழை, ஓரத்தில் ஒரு முருங்கை, வேலியில் செம்பருத்தி, மூலையில் கறிவேப்பிலை என்றிருக்கும் சாதாரணத் தோட்டத்தையே இங்கே எடுத்துக்கொள்வோம்.

காலால் ருசி பார்க்கும் தாய்

காலை எட்டு மணிவாக்கில் எலுமிச்சையைச் சுற்றி, கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள் கொண்ட பெரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று படபடத்துக்கொண்டிருக்கும். அது எலுமிச்சை அழகி. பூவில் அமராமல் இலை இலையாகத் தொட்டுத் தொட்டுப் போகிறது என்றால் அது முட்டையிட வந்த பெண் என்று உறுதியாகச் சொல்லலாம். ஒவ்வொரு இலையிலும் நொடி நேரம் இறங்கி, முன்னங்கால்களால் இலையைத் தட்டும். அந்தக் கால்களின் நுனியில் வேதிப்பொருள்களை உணரும் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. இது எலுமிச்சைக் குடும்பத்துச் செடிதானா, தன் புழு இதைத் தின்று பிழைக்குமா என்பதைத் தாய் காலால் ருசி பார்த்தே முடிவு செய்கிறது. இலை பொருந்திவிட்டால் வயிற்றை வளைத்து, தளிரில் வெளிர்மஞ்சள் முத்துப் போன்ற ஒற்றை முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடும்.

இந்தத் தேர்வில் தாய்க்குத் தாராளம் கிடையாது. ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சி இனத்துக்கும் அதன் புழு தின்னக்கூடிய செடிகள் சிலவே. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம். மஞ்சள் கலந்த வெள்ளைச் சிறகுடன் கூட்டமாகப் பறக்கும் இனம் ஒன்றுக்குச் சரக்கொன்றை. பச்சைப் புள்ளிகளும் சிறு வாலும் கொண்டு நில்லாமல் பறக்கும் இன்னோர் இனத்துக்கு நெட்டிலிங்கமும் சீத்தாவும். பூவில் தேன் குடிக்க எந்த வண்ணத்துப்பூச்சியும் எந்தத் தோட்டத்துக்கும் வரலாம். அது பிறந்து வளர வேண்டுமானால் அதற்குரிய இலை அங்கே இருக்க வேண்டும். வெளிநாட்டு அலங்காரச் செடிகளால் மட்டுமே நிரப்பிய தோட்டம் பூத்துக் குலுங்கினாலும் வண்ணத்துப்பூச்சிகள் அங்கே விருந்தாளிகளாக வந்து போவதற்குக் காரணம் இதுதான்.

கோடை வெப்பத்தில் முட்டை சில நாள்களிலேயே பொரிந்துவிடும். வெளிவரும் சின்னஞ்சிறு புழு, பழுப்பும் வெள்ளையும் கலந்து, பளபளவென்று ஈரமாகத் தெரியும். இலையில் விழுந்த பறவை எச்சத்துக்கும் அதற்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். பறவை தன் எச்சத்தைத் தின்னாது. அந்த வேடத்திலேயே முதல் நான்கு பருவங்களையும் கடந்து வளர்கிறது. பிறகு எச்சம் என்று நம்ப முடியாத அளவுக்குப் பெருத்துவிடுவதால், ஐந்தாவது பருவத்தில் வேடத்தை மாற்றி இலைப் பச்சையாகிவிடுகிறது. இந்தப் புழுவை ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பு ஒன்று சட்டென்று நீளும், நெடி ஒன்றும் வீசும். எறும்பையும் சிலந்தியையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம் அது.

அப்படியும் தப்பிப் பிழைப்பவை மிகச் சிலவே. முட்டைக்குள்ளேயே தம் முட்டையை இடும் கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள குளவிகள் இருக்கின்றன. புழுவை எறும்பும் குளவியும் இழுத்துப்போகின்றன. தையல்சிட்டும் தவிட்டுக்குருவியும் செம்போத்தும் கொத்திப்போகின்றன. ஒரு தாய் இடும் பல பத்து முட்டைகளில் ஒன்றிரண்டு சிறகு முளைத்துப் பறந்தாலே அந்த இனத்தின் கணக்கு நேராகிவிடும். மற்றவையெல்லாம் தோட்டத்து மற்ற உயிர்களுக்கு உணவு. பூச்சிமருந்து இந்தப் புழுக்களைக் கொல்லும்போது, அவற்றை அடக்கி வைத்திருந்த குளவிகளையும் சேர்த்தே கொல்கிறது. அடுத்த முறை புழு பெருகினால் கட்டுப்படுத்த அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

நஞ்சும் வேடமும்

அதே கறிவேப்பிலைச் செடியில் வளரும் இன்னொரு வண்ணத்துப்பூச்சி, அறிவியல் உலகை நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிந்திக்க வைத்திருக்கிறது. கறிவேப்பிலை அழகி என்ற அந்த இனத்தின் ஆண் கறுப்பு நிறம், பின்சிறகில் வெண்புள்ளிகளாலான ஒரு பட்டை. பெண்களில் மூன்று வகை உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்றொன்று ரோஜா அழகி என்ற வேறொரு இனத்தைப் போலவும், மூன்றாவது சிவப்புடல் அழகி என்ற இன்னோர் இனத்தைப் போலவும் இருக்கும். ஒரே தாயின் பிள்ளைகளிலேயே இந்த வேறுபாடுகள் தோன்றலாம்.

ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் ஆடுதின்னாப்பாளை, பெருமருந்துக்கொடி போன்றவற்றின் இலையைத் தின்று வளர்பவை. அந்த இலைகளில் உள்ள நஞ்சு புழுவின் உடலில் தங்கி, சிறகு முளைத்த பிறகும் நீடிக்கிறது. அவற்றைக் கொத்திய பறவை மறுமுறை அந்த நிறத்தைப் பார்த்தாலே ஒதுங்கிவிடும். கறிவேப்பிலை தின்று வளர்ந்த அழகியிடம் அந்த நஞ்சு கிடையாது. ஆனால் நஞ்சுள்ளவற்றின் தோற்றத்தை அணிந்துகொண்டு, அந்தப் பாதுகாப்பைத் தானும் பெறுகிறது. இத்தகைய வேடத்தை அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளை வைத்து 1862-ல் முதலில் விளக்கியவர் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ். கறிவேப்பிலை அழகியின் பெண் வடிவங்களைப் பற்றி 1865-ல் எழுதியவர், டார்வினோடு சேர்த்து இயற்கைத் தேர்வுக் கொள்கைக்கு உரியவராகப் போற்றப்படும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். இந்த வேடங்களைக் கட்டுப்படுத்துவது எது என்ற கேள்விக்கு விடை 2014-ல்தான் தெளிவாயிற்று. கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட ஆய்வுக்குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரையின்படி, பூச்சிகளில் ஆண், பெண் உடல் வேறுபாட்டை உருவாக்கும் ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களே இந்தச் சிறகு வேடங்களையும் தீர்மானிக்கின்றன. ஆய்வுக்கூடங்களில் பேசப்படும் கேள்வி ஒன்று நம் ரசத்துக்குப் பறிக்கும் செடியில் சிறகடித்துக்கொண்டிருக்கிறது.

அசலையும் வேடத்தையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. சிறகைப் பார்க்காதீர்கள், உடலைப் பாருங்கள். நஞ்சுள்ள அழகிகளின் உடல் சிவப்பு. வேடமிட்ட கறிவேப்பிலை அழகியின் உடல் கறுப்பு. நஞ்சுள்ளவை அவசரமில்லாமல் மிதந்து பறக்கும்.

வேலிக்கு வெளியே எருக்கு இருந்தால் அங்கும் இதே நாடகம் நடப்பதைப் பார்க்கலாம். வெந்தய நிறத்தில் கறுப்பு ஓரம் கொண்ட வெந்தய வரியன் எருக்கிலையில்தான் முட்டையிடும். எருக்கம்பாலில் உள்ள, இதயத்தைத் தாக்கும் நஞ்சை அதன் புழு உடலில் சேர்த்துக்கொள்கிறது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு இலையின் மேலேயே ஒளிவுமறைவின்றி அமர்ந்திருக்கும் அந்தப் புழு, தன் நிறத்தாலேயே எச்சரிக்கிறது. இதன் தோற்றத்தை அப்படியே அணிந்த இன்னோர் இனத்துப் பெண் பருப்புக்கீரையில் முட்டையிடுகிறது. அந்த இனத்தின் ஆணோ கறுப்பில் வெள்ளை வட்டங்களோடு, தொடர்பே இல்லாதது போல் இருக்கும். வெந்தய வரியனுக்கு உறவான மொனார்க் என்ற அமெரிக்க வண்ணத்துப்பூச்சியை நீலப் பறவை ஒன்றுக்குத் தின்னக் கொடுத்து, அது வாந்தியெடுத்ததையும் பிறகு அதைத் தொட மறுத்ததையும் லிங்கன் பிரௌவர் 1960-களில் காட்டினார். நம் தோட்டத்தில் கோடையில் புதிதாகக் கூட்டை விட்டு வெளிவரும் இளம்பறவைகளும் இந்தப் பாடத்தைத் தின்று பார்த்தே கற்க வேண்டும். சிறகில் அலகுத் தடம் பதிந்த வண்ணத்துப்பூச்சிகள் சில கண்ணில் படும். அவை அந்தப் பாடத்துக்கான சாட்சிகள்.

கூடு கட்டும் பருவம்

தமிழ்நாட்டுச் சமவெளியில் வீட்டைச் சுற்றி வாழும் பறவைகள் பலவும் மாசி, பங்குனியிலிருந்து ஆடிவரை கூடு கட்டுகின்றன. மழையும் குளிரும் தொல்லை தராத காலம் அது. கொளுந்துவிடும் மரங்களில் புழுக்களும், ஆல், அரசில் பழங்களும் கிடைக்கும் காலமும் அதுவே.

விடியலில் முதல் குரல் பெரும்பாலும் குண்டுகரிச்சானுடையது. கறுப்பும் வெள்ளையுமான அந்தப் பறவை ஆண்டின் மற்ற மாதங்களில் தோட்டத்தில் இருப்பதே தெரியாது. கோடையில் உயரமான கிளையில் ஏறி, வால் நிமிர்த்தி, ஒருமுறை பாடியதை மறுமுறை மாற்றிப் பாடும். வெயில் ஏறியபின் செம்மார்புக் குக்குறுவான், பாத்திரக்காரர் செம்பைத் தட்டுவதுபோல ஒரே தாளத்தில் ‘டுக், டுக்’ என்று தட்டிக்கொண்டே இருக்கும். முருங்கையின் பட்டுப்போன கிளையில் பொந்து குடையும் பறவை இது. காய்ந்த கிளை ஆபத்தில்லாத இடத்தில் இருந்தால் வெட்டாமல் விடுவதே இதற்கு நாம் செய்யும் உதவி.

ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் கூடு முற்றத்துக் கொடிக் கம்பியில்கூடத் தொங்கும். பெண் சிட்டு நாரையும் இலைத்துணுக்கையும் சிலந்தி வலையால் கட்டி ஒரு பை செய்து, வெளிப்புறம் மரப்பட்டைத் துகளையும் புழுவின் எச்சத்தையும் ஒட்டிவிடும். காற்றில் தொங்கும் குப்பை என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்கள். சிலந்தி வலை இல்லாவிட்டால் அந்தக் கூடே இல்லை. வலைகளையெல்லாம் துடைப்பத்தால் சுருட்டி எறியும் வீட்டில் தேன்சிட்டுக்குக் கட்டுமானப் பொருள் கிடைக்காது. தையல்சிட்டும் இலைகளின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கொண்டு தைத்து, அந்தப் பைக்குள்தான் கூடு வைக்கும். அகன்ற இலையுள்ள செடி எதுவும் அதற்குப் பயன்படும்.

தேன்சிட்டு என்ற பெயரைக் கேட்டு அது தேனால் மட்டுமே வாழ்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. தேனில் சர்க்கரை இருக்கிறது, சதை வளர்க்கும் புரதம் மிகக் குறைவு. குஞ்சுக்கு அது ஊட்டுவது சிலந்தியும் சிறு பூச்சியும். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுகளுக்குப் புழு, பூச்சிகளையே கொண்டுவருகிறது. பழம் தின்னும் கொண்டைக்குருவியும் அப்படித்தான். மென்மையான, சத்தும் ஈரமும் நிறைந்த புழுவைப் போல வசதியான குஞ்சு உணவு வேறில்லை. எலுமிச்சை இலையின் ஓட்டை இங்கே பறவையின் சதையாகவும் சிறகாகவும் மாறுகிறது.

கீழே தரையில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுச் சேர்ந்து சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இந்தப் பறவைகள் குடும்பமாகக் குஞ்சு வளர்ப்பவை. தாய், தந்தை மட்டுமன்றிக் கூட்டத்தின் மற்ற உறுப்பினர்களும் குஞ்சுக்கு இரை கொடுக்கும். சருகைக் கூட்டி எரித்துவிட்டால் அவற்றின் இரைத்தட்டை எரித்ததாகிவிடும்.

மேலே காகம் கூடு கட்டும் மரத்தைச் சுற்றிக் குயில் கூவுவதும் இந்தப் பருவத்தில்தான். கூவுவது கறுத்த ஆண். புள்ளிகள் நிறைந்த பழுப்புப் பெண் குயில் மறைந்திருந்து, காகம் விலகும் நேரத்தில் அதன் கூட்டில் முட்டையிட்டுவிடும். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரியும். காக முட்டைக்கு அதைவிடச் சில நாள் கூடுதலாகும். முந்திப் பிறந்த குயில் குஞ்சுக்கு முந்தி இரை கிடைக்கிறது. காகம் குயிலைத் துரத்தும் காட்சியும் தோட்டத்தில் காணக் கிடைக்கும்.

வெயிலும் தண்ணீரும்

பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பிலேயே 40 டிகிரி செல்சியசை ஒட்டியது. அக்னி நட்சத்திர நாள்களில் காற்றும் அந்த அளவை எட்டும்போது, வாயைப் பிளந்து மூச்சு வாங்கி, தொண்டை ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடலைக் குளிர்விக்க முடியும். மதிய நேரத்தில் காகம் அலகைத் திறந்தபடி நிழலில் உட்கார்ந்திருப்பது அதனால்தான். ஆவியான நீரை ஈடுகட்டக் குடிநீர் வேண்டும்.

வண்ணத்துப்பூச்சியின் நிலை வேறு. அதன் உடல் சூட்டைச் சூரியன்தான் தருகிறது. பறக்கும் தசைகள் சூடேறினால்தான் சிறகடிக்க முடியும் என்பதால், காலையில் சிறகை விரித்து வெயில் காயும். நடுப்பகலில் அதே வெயில் மிகுந்துவிடும்போது சிறகை மூடி இலையின் அடிப்பக்கம் ஒதுங்கும். ஆகவே கோடையில் தோட்டம் பார்க்க ஏற்ற நேரம் பறவைக்குக் காலை ஆறு முதல் எட்டரை, வண்ணத்துப்பூச்சிக்கு எட்டு முதல் பத்தரை. மாலையில் நான்கரைக்கு மேல் இரண்டையும் மறுபடி பார்க்கலாம்.

துணி துவைக்கும் கல்லின் ஓரத்து ஈரமண்ணில் வண்ணத்துப்பூச்சிகள் குழுவாக அமர்ந்து உறிஞ்சுவதைக் கண்டிருப்பீர்கள். அவை தாகத்துக்கு மட்டும் குடிக்கவில்லை. இலையிலும் தேனிலும் சோடியம் மிகக் குறைவு என்பதால் ஈரமண்ணிலிருந்து உப்பைச் சேகரிக்கின்றன. பெரும்பாலும் அவை ஆண்கள். சேர்க்கையின்போது அந்த உப்பில் ஒரு பகுதி பெண்ணுக்கும், அதன் வழியாக முட்டைக்கும் போய்ச் சேர்கிறது. எங்கும் காய்ந்து கிடக்கும் மே மாதத்தில், தினமும் நனையும் ஒரு சாண் மண் இவற்றுக்குப் பெரிய வளம்.

மாமரத்துப் புல்லுருவி

மாமரத்தின் உச்சிக் கிளையில் வேறு நிற இலைகளோடு ஒட்டியிருக்கும் புல்லுருவியைத் தோட்டக்காரர்கள் விரும்புவதில்லை. கிளையின் சாற்றை உறிஞ்சி வாழும் செடி அது. ஆனால் அதற்கும் ஒரு பறவையும் ஒரு வண்ணத்துப்பூச்சியும் இருக்கின்றன. கட்டைவிரல் அளவே உள்ள, சாம்பல் நிறப் பூங்கொத்தி என்ற சிறு குருவி புல்லுருவிப் பழத்தை விழுங்கும். பசை சூழ்ந்த விதை செரிக்காமல் வெளியேறும்போது உடலில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, குருவி கிளையில் தேய்த்துவிடும். விதை அங்கேயே வேர்விடும். அந்தப் புல்லுருவி இலையில், சிறகின் அடிப்பக்கம் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புப் பொட்டுகளும் கொண்ட அழகான வண்ணத்துப்பூச்சி கூட்டமாக முட்டையிடுகிறது. அதன் புழு புல்லுருவியைத் தின்று அதன் வளர்ச்சியைக் குறைக்கிறது. பரப்புவது ஒரு பறவை, அரிப்பது ஒரு பூச்சி. மரத்தில் புல்லுருவி மிகுந்துவிட்டால் வெட்டத்தான் வேண்டும். ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவைக்கலாம்.

வந்து போகிறவர்கள்

கோடை சிலருக்குப் புறப்படும் காலம். குளிர்காலம் முழுதும் தோட்டத்துப் புதர்நிழலில் சருகு கிளறிக்கொண்டிருந்த ஆறுமணிக்குருவி சித்திரையில் வடக்கே போய்விடும். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் அது குஞ்சு பொரிக்கும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கேட்ட அதன் குரல் ஒருநாள் நின்றுவிட்டால், அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

சிலருக்கோ இது வரும் காலம். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் இறங்கும் நாள்களை ஒட்டி, நீல வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன்களும் ஆயிரக்கணக்கில் மலையைவிட்டுக் கிழக்கே சமவெளிக்குப் பறக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர், நவம்பரில் மறுபடி மேற்கே திரும்புகின்றன. வழியில் தோட்டத்தில் தேள்கொடுக்குச் செடியோ கிலுகிலுப்பையோ இருந்தால் ஆண்கள் அதன் காய்ந்த தண்டிலும் இலையிலும் மொய்க்கும். அவற்றிலுள்ள கசப்பான அல்கலாய்டுகள் தற்காப்புக்கும், பெண்ணைக் கவரும் மணத்தைச் செய்வதற்கும் தேவை. களை என்று பிடுங்கி எறியும் செடி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும் பயணிக்கு மருந்துக்கடையாக இருக்கிறது.

பார்க்கிறவர் செய்ய வேண்டியவை

சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் பற்றிய நூல் 1941-ல் வெளிவந்தபோது, பறவை பார்ப்பது பல வீடுகளுக்குள் நுழைந்தது. தமிழில் மா. கிருஷ்ணன், காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காகத்தைப் பற்றியும் அணிலைப் பற்றியும் எழுதினார். அவர்கள் காட்டிய வழி எளியது: ஒரே இடத்தில் அசையாமல் உட்கார், பார்த்ததை அன்றே எழுது. ஒரு நோட்டு, பென்சில் போதும். தேதி, நேரம், எந்தச் செடி, என்ன செய்தது என்ற நான்கையும் குறியுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் நடத்தையையும் எழுதுங்கள், பெயர் பின்னால் கிடைக்கும். இரண்டு மூன்று கோடைகள் சேர்ந்தால், எந்தக் குருவி எந்த வாரத்தில் கூடு கட்டுகிறது, எந்தப் பூச்சி எப்போது வருகிறது என்ற உங்கள் தோட்டத்தின் நாட்காட்டி உங்கள் கையில் இருக்கும். பருவங்கள் மாறிவரும் காலத்தில் அப்படிப்பட்ட குறிப்புகளுக்கு அறிவியல் மதிப்பும் உண்டு.

கூட்டைக் கண்டால் நெருங்காதீர்கள். நீங்கள் அடிக்கடி போகும் தடத்தைக் காகமும் பூனையும் கவனிக்கும். அகன்ற மண்தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத ஆழத்தில் தண்ணீர் வைத்து, கொசு முட்டையிடாதபடி தினமும் மாற்றுங்கள். தட்டைப் பூனை பதுங்க முடியாத வெட்டவெளியில், ஆனால் பறவை தாவி ஏற ஒரு கிளை அருகே இருக்கும்படி வையுங்கள். புதிதாகச் செடி வைப்பதென்றால் முதலில் ஒரு கறிவேப்பிலை, ஓர் எலுமிச்சை, இடமிருந்தால் ஒரு சரக்கொன்றை. வேலியோரத்து எருக்கையும் ஆடுதின்னாப்பாளையையும் பிடுங்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கோடையில் பூச்சிமருந்தைத் தொடாதீர்கள். நன்கு வேரூன்றிய எலுமிச்சை, சில தளிர்களை இழந்தாலும் மறுபடி துளிர்த்துவிடும். கன்று மிகச் சிறியதாக இருந்தால் புழுவை எடுத்துப் பக்கத்திலுள்ள பெரிய செடியில் விட்டால் போதும். கறிவேப்பிலையில் பத்து இலை உங்களுக்கு, இரண்டு இலை புழுவுக்கு என்று பங்கு வையுங்கள். அந்த இரண்டு இலையில்தான் உங்கள் தோட்டத்து வண்ணத்துப்பூச்சிகளும் குருவிக்குஞ்சுகளும் வளர்கின்றன.